வாரம் ஒரு வீடு

தர்மன் குடும்பத்துக்கு வீடு போனது ஒரே காலைப் பொழுதில். மொரப்பூருக்குத் தெற்கே ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்தார்கள். தோப்பின் மூலையில் ஓலைக் குடிசை. தோப்பு கைமாறியது. வாங்கியவர் மரங்களை வெட்டிவிட்டுக் கிணறு எடுக்கப் போவதாகச் சொன்னார். மரமே இல்லாத இடத்தில் காவல் எதற்கு? குடிசை மூங்கிலைக்கூடத் தர்மன் அவரிடம் கேட்டுத்தான் உருவிக்கொண்டான். பிறகு அதை எங்கே நடுவது என்று தெரியாமல் ரயிலடி டீக்கடை ஒன்றில் விறகுக்குக் கொடுத்துவிட்டான்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். மழை இரண்டு வருஷமாக ஏமாற்றியிருந்தது. நிலம் வைத்திருந்தவர்களே கம்பங்கூழுக்குக் கணக்குப் பார்த்த காலம். தர்மனும் அவன் மனைவியும் ஏழாவது படித்துக்கொண்டிருந்த மகள் தீர்த்தம்மாளும் ரயிலடியில் சரக்குக் கொட்டகைத் தாழ்வாரத்தில் படுத்தார்கள். பகலில் அப்பாவும் அம்மாவும் வேலை தேடிப் போனார்கள். தீர்த்தம்மாள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் அவள் பாவாடையில் கரி வாடை அடிப்பதாகச் சொல்லித் தள்ளி உட்கார்ந்தார்கள். சாலம்மாள் மட்டும் தள்ளி உட்காரவில்லை. அவளும் அதே கொட்டகையில், மறுகோடியில் படுப்பவள். அப்பன் இல்லை. அம்மா தார் ரோடு போடும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய்விட்டு எப்போதாவது வருவாள். அவர்கள் சேரிக்காரர்கள் என்பதால் இரண்டு குடும்பமும் கொட்டகையில் பேசிக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பெண்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

குடகுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவன் வந்தான். காப்பித் தோட்டம், குடும்பத்தோடு வரலாம், தங்குவதற்கு லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், இடம் உண்டு என்றான். தர்மன் அன்றைக்கே சரி சொல்லிவிட்டான். தீர்த்தம்மாள் மறுநாள் தலைமையாசிரியை ஞானமேரியிடம் போய், நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் வழக்கம். இவள் சொல்லிக்கொண்டு நின்றதால் டீச்சர் காரணம் கேட்டார். கேட்டவர் அன்று சாயங்காலமே ரயிலடிக்கு நடந்து வந்துவிட்டார்.

"புள்ளைய உட்டுட்டுப் போங்க. எட்டாவது முடிக்கட்டும்" என்றார்.

"எங்கங்க உடறது?" என்றான் தர்மன். "வூடு இருந்தா உட்டுட்டுப் போவலாங்க. நாளைக்குப் பெரியவளாவற பொண்ணு. இந்தக் கொட்டாயிலயா உட்டுட்டுப் போறது?"

"அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன். மூணு நாள் பொறுங்க."

ஞானமேரி டீச்சர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எடுத்ததை விடமாட்டார் என்று பெயர். பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டினார். கழகத் தலைவர் சென்னப்பன், ஊரில் பெரிய காடுகழனிக்காரர். தர்மனும் மகளும் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஊரே சேந்து ஒரு புள்ளைக்குச் சோறு போட முடியாதுங்களா?" என்றார் சென்னப்பன். "எங்க வூட்டுல மொத வாரம்."

ஐந்து வீடுகள் முன்வந்தன. மூன்று இந்து வீடுகள், இரண்டு கிறிஸ்தவ வீடுகள். வாரம் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை மாற வேண்டும், பள்ளி நாளில் மத்தியானம் பள்ளிக்கூடச் சாப்பாடு என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் திருப்தி. டீச்சர் அத்தோடு நிறுத்தவில்லை. "இன்னொரு புள்ளையும் கொட்டகையிலதான் படுக்குது. சாலம்மாள்" என்றார். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். "அது அப்பறம் பாக்கலாங்க" என்றார் சென்னப்பன். அந்த அப்புறம் வரவேயில்லை. தன்னுடைய ஏற்பாடு நடந்ததே தான் ஊர்ச் சாதியில் பிறந்ததால்தான் என்று தீர்த்தம்மாளுக்கு ஜன்னலுக்கு வெளியே நின்றபோதே புரிந்துவிட்டது. அவள் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. அப்பா அம்மா இல்லாமல் எப்படி இருப்பது என்ற பயம்தான் அப்போது அவளுக்கு இருந்தது.

அம்மா போகிற அன்று அழுதாள். அப்பா அழவில்லை. லாரி ஏறும்போது, "எந்த வூட்லயும் மறுசோறு கேக்காத" என்று மட்டும் சொன்னான்.

அவள் கேட்கவுமில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதிகம் வரவில்லை. ஊர் தன் வாக்கைக் காப்பாற்றியது. கேழ்வரகுக் களியோ, கம்பஞ்சோறோ, எந்த வீட்டிலும் அவள் வெறும் வயிற்றோடு படுத்ததில்லை. கஷ்டம் வேறு விதமாக இருந்தது. ஒரு வீட்டில் விடியும் முன் எழுந்து வாசல் தெளித்தால் நல்ல பெண். அடுத்த வீட்டில் அதே வேலையைச் செய்தால், "உன்னை ஆரு தெளிக்கச் சொன்னா? எங்க மருமவ இல்லையா?" என்று கேட்டார்கள். கிறிஸ்தவ வீட்டில் ராத்திரி ஜெபம் முடியும்வரை யாரும் சாப்பிடக்கூடாது. முதல் நாள் அது தெரியாமல் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கூசிப்போனாள். ஒரு வீட்டில் விளக்கை அவளுக்கென்று விட்டுவைப்பார்கள். ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் செலவு என்று ஊதிவிடுவார்கள். ஒரு வீட்டின் பழக்கம் பிடிபடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். துணி மூட்டையையும் மஞ்சள் பையையும் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலில் போய் நிற்பாள். "வந்துட்டியா? வா" என்பார்கள். யாரும் கடிந்து சொன்னதில்லை. ஆனாலும் அந்த வாசலில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் காது சூடேறிவிடும்.

சென்னப்பன் வீடுதான் பெரியது. அங்கே அவளுக்குக் கொடுத்த இடம் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பு. சோளத் தட்டுப்போர் ஒரு பக்கம், ஏர்ச்சாமான் ஒரு பக்கம், நடுவில் அவள் பாய். சென்னப்பனின் மனைவி காசியம்மாள் கெட்டவள் இல்லை. கணக்கானவள். "சாய்ப்புல காத்து வரும், படுத்துக்க" என்று சொல்லித்தான் காட்டினாள். வீட்டுக்குள் மூன்று அறை பூட்டிக் கிடந்தன.

"உனக்காச்சும் அஞ்சு வூடு" என்றாள் சாலம்மாள் ஒருநாள், பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் தட்டுக் கழுவும்போது.

"அஞ்சு இருந்தா ஒண்ணும் இல்லாத மாதிரிதான்" என்றாள் தீர்த்தம்மாள்.

சாலம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "நீ அப்பா அம்மா இல்லாம ஒருநாள் கொட்டாயில படுத்துப் பாத்துட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை.

மாசி கடைசியில் சென்னப்பன் வீட்டு முறை வந்தபோது தீர்த்தம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. சாய்ப்பில் சுருண்டு கிடந்தாள். பால் கறக்க வந்த காசியம்மாள் தொட்டுப் பார்த்தாள். கழுத்திலும் நெற்றியிலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, இங்கயா வந்து படுத்திருக்க!"

அன்று காலை வீடே மாறியது. ஆத்தா இறங்கியிருக்கிறபோது மாட்டுக் கொட்டகையில் போடலாமா? பூட்டிக்கிடந்த அறை ஒன்றைத் திறந்து, சாணி மெழுகி, வேப்பிலை பரப்பி, வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்தார்கள். நிலையில் வேப்பங்கொத்து செருகினார்கள். அடுப்பில் தாளிதம் நின்றது. சென்னப்பன் செருப்பில்லாமல் உள்ளே வந்து, அறை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. அவளை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற பேச்சே எழவில்லை. வந்த அம்மனை யார் போகச் சொல்வார்கள்?

காசியம்மாள் வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "தாயி" என்றாள், "நீங்க" என்றாள். ஒருநாள் உச்சிப்பொழுதில் குரலைத் தாழ்த்தி, "என்ன கொறை வெச்சேன் தாயி? என்ன வேணும், வாய் தெறந்து சொல்லுங்க" என்று கேட்டாள். தீர்த்தம்மாளுக்கு அப்போது நினைவு தெளிவாகத்தான் இருந்தது. கேட்பது தன்னை அல்ல என்று தெரிந்தது. என்ன கேட்டாலும் கிடைக்கும் என்பதும் தெரிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எளநி" என்றாள்.

இளநீர் வந்தது. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரால் காசியம்மாளே குளிப்பாட்டினாள். தழும்பில் தேங்காயெண்ணெய் தடவினாள். மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்துக் கூழ் ஊற்றினார்கள். சாயங்காலம் தீர்த்தம்மாள் அந்த அறைக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. அவள் மூட்டை சாய்ப்பில் இருந்தது. பாய் விரித்திருந்தது. இத்தனை நாள் வருடிக்கொடுத்த அதே கைதான் அந்தப் பாயையும் விரித்திருக்க வேண்டும்.

காசியம்மாள் முற்றத்திலிருந்து சொன்னாள். "அடுத்த வூட்டுக்காரங்க ஒரு மாசம் போவட்டும்ங்கறாங்க. கொழந்தைங்க இருக்கற வூடாம். அதுவரைக்கும் இங்கயே இரு. நான் ஒண்ணும் சொல்லலை."

"சரிங்க பெரிம்மா" என்றாள் அவள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை அழுது ஓய்ந்து அங்கேயே இருந்திருப்பாள். மறுநாள் காலை மூட்டையையும் பையையும் எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வரங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மணி அடித்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

ஞானமேரி டீச்சர் குடையோடு புறப்பட்டவர் நின்றார். "என்னடி, வீட்டுக்குப் போகலை?"

"போவலைங்க டீச்சர்."

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்லைங்க."

"சோறு போடலையா?"

"போட்டாங்க."

"அப்புறம் என்ன? ஊர்ல அஞ்சு வீட்டுக்காரங்க உனக்காகச் செய்யறாங்க. நாளைக்கு அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

டீச்சருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. அந்த ஏற்பாட்டைப் போன மாதம்தான் ஆய்வாளர் பாராட்டி எழுதிவிட்டுப் போயிருந்தார். தீர்த்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஒரே எடமா வேணுங்க டீச்சர்" என்றாள். "எதுவா இருந்தாலும் பரவால்லைங்க. மாத்தாத எடமா."

டீச்சர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பதில் சொன்னது மத்தியானச் சாப்பாடு சமைக்கிற ராயம்மாள். அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே, "பால் பவுடர் மூட்டை போட்ட ரூம்பு சும்மாத்தான கெடக்குது" என்றாள். "கதவு இருக்குது, தாப்பா இருக்குது."

"சின்னப் பொண்ணு தனியா எப்படிப் படுப்பா?"

"நான் படுத்துக்கறேன். எனக்கு மட்டும் வூட்ல ஆரு காத்துக்கினு இருக்கறாங்க?" ராயம்மாள் புருஷனை இழந்தவள். மகன் கல்யாணமாகி மாமனார் ஊரோடு போய்விட்டான்.

டீச்சர் அந்த அறையைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஒருத்திக்காக நான் பள்ளிக்கூடத்து ரூமைத் திறக்க முடியாது. சாலம்மாளும் இங்கே படுக்கட்டும். சம்மதமா உனக்கு?" என்றார்.

"அவ வந்தா எனக்குத் தொணைதாங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

மறுநாள் சென்னப்பன் வந்தார். பின்னாலேயே காசியம்மாளும் வந்தாள். சென்னப்பன் கோபமாக இருந்தார். "அம்மை போட்டப்ப எங்க வூட்ல எப்படி வெச்சிருந்தோம்னு கேளுங்க. இப்ப ஊர்ல என்ன பேசுவாங்க? சென்னப்பன் தொரத்திட்டான்னு பேச மாட்டாங்க?"

"சும்மா இருங்க" என்றாள் காசியம்மாள். அவள் புருஷனை ஊரார் எதிரில் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "வாரத்துக்கு ஒரு வூடு மாறுன்னா என்னாலயே ஆவாது. பொண்ணு கேக்கறது ஞாயம். தானியந்தான, இங்க அனுப்பிட்டாப் போவுது." பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு பாய்கள் இருந்தன. "இது ஆருக்கு?"

டீச்சர் சொன்னார்.

காசியம்மாள் முகம் இறுகியது. "அந்தப் புள்ளையும் இங்கயா? ஒரே ரூம்புலயா?"

"பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுலதான் உக்காருதுங்க."

"படிக்கறது வேற, படுக்கறது வேறங்க டீச்சர்."

"ரெண்டு பேரும் இருப்பாங்க. இல்லேன்னா ரூமைப் பூட்டிடுவேன்."

காசியம்மாள் தீர்த்தம்மாளைப் பார்த்தாள். தழும்பு இன்னும் ஆறாத முகம். இதற்கு நீயும் சம்மதமா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. தீர்த்தம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. காசியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷனுக்கு முன்னால் நடந்து போய்விட்டாள்.

அந்த வாரமே இரண்டு வீடுகள் விலகிக்கொண்டன. சென்னப்பன் வீடு ஒன்று. அவர் பேச்சைத் தட்டாத பங்காளி வீடு இன்னொன்று. கழகத் தலைவர் பதவியை மட்டும் சென்னப்பன் விடவில்லை. மற்ற மூன்று வீடுகள் தானியம் அனுப்பின. அதில் ஒன்று இந்து வீடு. ஏன் விலகவில்லை என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாதா கோயில் சாமியார் மாதம் ஒரு படி எண்ணெய் கொடுத்தார். ரயிலடிக் கடைக்காரர் ஒருவர் பழைய லாந்தர் கொடுத்தார். போதவில்லைதான். ராத்திரியில் பெரும்பாலும் களியும் புளித்தண்ணீரும். மழை நாளில் கூரை ஒரு மூலையில் ஒழுகும். ராயம்மாள் குறட்டை விடுவாள். சாலம்மாள் முதல் சில நாள் தாழ்ப்பாள் போட்டபிறகும் எழுந்து எழுந்து தள்ளிப் பார்ப்பாள். பிறகு அதை விட்டுவிட்டாள்.

காசியம்மாள் சந்தையில் எதிர்ப்பட்டால் தீர்த்தம்மாளைக் கூப்பிட்டு நிறுத்துவாள். "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறியா? தழும்பு போயிடுச்சா, காட்டு" என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கூட சாலம்மாள் நின்றால் அவளைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டாள். ஒருதரம் மடியிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பழம். இரண்டாவது யாருக்கென்று சொல்லவில்லை.

சாலம்மாள் எட்டாவது அரைப்பரீட்சைவரை இருந்தாள். அவள் அம்மா ஓசூர்ப் பக்கம் ரோட்டு வேலையில் காலில் தார் கொட்டிப் படுத்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னான். சாலம்மாள் அன்றைக்கே ரயிலேறினாள். பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்றாள். வரவில்லை. டீச்சர் ஓசூரில் தெரிந்த கன்னியர் மடத்துக்கு எழுதிப் பார்த்தார். ரோட்டுக்காரர்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று பதில் வந்தது. அவள் பாயை ராயம்மாள் சுருட்டிப் பரணில் வைத்தாள். தை பிறந்ததும் பொம்மிடிப் பக்கமிருந்து வந்த இரண்டு அக்காள் தங்கைகளுக்கு அதை எடுத்து விரித்தாள்.

தீர்த்தம்மாள் எட்டாவது தேறினாள். கணக்கில் மட்டும் மயிரிழையில் தப்பினாள். கோடை விடுமுறையில் தர்மன் அவளை அழைத்துப் போக வந்தான். குடகுக் குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டையை மொரப்பூர் வெயிலிலும் கழற்றாமல் நின்றான். அறை வாசலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தான். சுவரோரம் பெட்டிகள், கொடியில் பாவாடைகள், மூலையில் ராயம்மாளின் மாதா படம்.

"அங்க லயத்துல நமக்கு ரெண்டு ரூம்பு குடுத்திருக்காங்க" என்றான். "ஓடு போட்டது. உங்கம்மா கோழி வளக்கறா. இனிமே அங்கயே இருந்துக்கலாம்."

"அங்க பள்ளிக்கூடம் இருக்குதா?"

"இருக்குது. கன்னடத்துல சொல்லிக்குடுப்பாங்களாம். அதுவும் அஞ்சாவது வரைக்கும்."

அவள் கொஞ்ச நேரம் கொடியிலிருந்த துணியை மடித்தாள். எல்லாவற்றையும் மடிக்கவில்லை. இரண்டு பாவாடையையும் ஒரு தாவணியையும் பையில் வைத்தாள். பாயைச் சுருட்டாமல் இருந்த இடத்திலேயே விட்டாள்.

"பள்ளிக்கூடம் தொறக்கறப்ப வந்துருவேங்க அப்பா. மொரப்பூர் ஐஸ்கூல்ல டீச்சர் சொல்லி வெச்சிருக்காங்க. படுக்கறது இங்கயேதான்."

தர்மன் ராயம்மாளைப் பார்த்தான். அவள், "நான் என்ன சொல்றது? உங்க பொண்ணு, நீங்க பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புச் சாம்பலை அள்ளப் போய்விட்டாள். அவன் டீச்சரைப் பார்க்கப் போனான். என்ன பேசினார்கள் என்று தீர்த்தம்மாளுக்குத் தெரியாது. திரும்பி வந்தவன், "ஆனி பொறக்கறதுக்குள்ள கொண்டாந்து உட்டுடறேன்" என்று மட்டும் சொன்னான்.

தர்மபுரியில் மாறி ஏறிய பஸ் கிருஷ்ணகிரி தாண்டும்போது நல்ல வெயில். தர்மன் காப்பிச் செடியைப் பற்றியும், அட்டைப் பூச்சியைப் பற்றியும், சம்பளத்தில் மேஸ்திரி பிடித்துக்கொள்வதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தான். அம்மா என்ன சமைப்பாள் என்று அவள் கேட்டாள். பன்றிக்குட்டி வளர்க்கிற பக்கத்து லயக்காரியோடு அம்மா போடுகிற சண்டையை அவன் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம், ஓசூர்ப் பக்கம் எங்காவது தார் ரோடு போடும் கூட்டம் தெரியுமா என்று பார்க்க, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.